எஃகுக் குழாய்களின் ஆக்கமுறைகளும் கடற்கரைச் சூழலில் அவற்றின் தேர்வும்: தூத்துக்குடியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

எஃகுக் குழாய்கள் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலத் தோன்றினும் ஆக்கமுறையால் வேறுபட்டவை. திண்மத்தைத் துளைத்து உருவாக்கப்படுவன, தகட்டை வளைத்துப் பற்றவைக்கப்படுவன என அவை இரு பெரும் பிரிவில் அடங்கும். ஒரு குழாய் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதே அது எவ்விடத்தில் வலுவிழக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. உப்புக் காற்றும் கடல்நீரும் சூழ்ந்த தூத்துக்குடிப் பகுதியின் அனல்மின் நிலையங்கள், எரிவாயுக் குழாய்த்தடம், குடிநீர் வழங்கல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வாக்கமுறைகளையும் அவற்றுக்கும் அரிமானத்துக்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரை விளக்குகிறது. இத்துறையில் தமிழ்க் கலைச்சொற்களை வேறுபடுத்தி ஆளவேண்டிய தேவையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எஃகுக் குழாய், குழல், மூட்டற்ற குழல், பற்றவைப்பு, அரிமானம், தூத்துக்குடி, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்பும் துறைமுகமும் நினைவுக்கு வருதல் இயல்பு. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. 1974ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகத் தூத்துக்குடி அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. துறைமுகத்தை ஒட்டி உர ஆலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையங்கள் எனப் பெருந்தொழில்கள் வளர்ந்தன. இத்தொழில்கள் அனைத்துக்கும் பொதுவாக அமைந்த உறுப்பு எஃகுக் குழாயாகும். நீர், நீராவி, அமோனியா, எரிவாயு, கடல்நீர் என எதுவாயினும் அது ஓடுவது குழாய்க்குள்ளேயாம்.

இம்மாவட்டத்தின் இரும்புத் தொன்மை நெடியது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் இரும்புப் பொருள்கள் கிடைத்தன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ என்னும் அறிக்கை, சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பைப் பொது ஆண்டுக்கு முந்தைய நான்காம் ஆயிரமாண்டு வரை கொண்டுசெல்கிறது. எனினும், நீண்டதும் சீரானதும் உயர் அழுத்தம் தாங்குவதுமான இரும்புக் குழாயைப் பெருமளவில் ஆக்கும் நுட்பம் உலகிற்கே இருநூறு ஆண்டுப் பழமை மட்டும் உடையது. இரும்பைக் கத்தியாகவோ கொழுவாகவோ அடிப்பதினும் அதைக் குழாயாக்குதல் கடினம். அக்கடினம் எவ்வெவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதே குழாய் வகைகளின் வரலாறு எனலாம்.

2. சொல்லும் பொருளும்

உள்ளீடற்ற நீள்வடிவப் பொருளைக் குறிக்கத் தமிழில் குழல், குழாய், தூம்பு ஆகிய சொற்கள் உள்ளன. தூம்பு என்பது ஏரி நீர் வெளியேறும் வழியையும் குறித்தது. நிலத்தடி வழியைக் குறிக்கும் சுருங்கை என்னும் சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இடம்பெற்றுள்ளது. கீழடி அகழாய்வில் ஒன்றனுள் ஒன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. எனவே நீரைக் குழாய்வழிச் செலுத்தும் எண்ணம் தமிழகத்திற்குப் புதிதன்று.

இக்காலப் பேச்சு வழக்கில் குழாய் என்பது நீர் வரும் திருகுவாயையும், சுவரில் பதித்த நீர்வழியையும், கொதிகலனுக்குள் இருக்கும் வெப்பப் பரிமாற்ற உறுப்பையும் ஒருங்கே குறிக்கிறது. கடைத்தெருவில் அனைத்தும் ‘பைப்’ எனப்படும். ஆலையில் ‘பைப்’, ‘டியூப்’ என்னும் இரண்டும் தெளிவாகப் பிரித்து ஆளப்பெறும். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. அளவீட்டு முறையையே சார்ந்தது. பாய்மங்களைக் கொண்டுசெல்லும் பைப் பெயரளவு உள்விட்டத்தால் சுட்டப்படும். டியூப் புறவிட்டத்தாலும் சுவர்த் தடிப்பாலும் துல்லியமாகச் சுட்டப்படும்.

சான்றாக, ஐ.எஸ். 1239 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின்படி 15 மில்லிமீட்டர் எனப்படும் வீட்டுக் குழாயின் புறவிட்டம் ஏறத்தாழ 21.3 மில்லிமீட்டர். அதன் சுவர்த் தடிப்பு இலகு வகையில் 2.0, நடுத்தர வகையில் 2.6, கன வகையில் 3.2 மில்லிமீட்டராகும். புறவிட்டம் மாறாமையால் மூவகைக்கும் மரையும் இணைப்பானும் பொருந்தும், மாறுவது உள்விட்டமே. ஆகவே ‘15 மில்லிமீட்டர்’ என்பது அக்குழாயின் எந்த ஓர் அளவையும் நேராகக் குறிப்பதில்லை. அஃது ஒரு பெயர் மட்டுமே. இதை அறியாத மாணவர் அளவுகோலை வைத்துப் பார்த்துக் குழம்புதல் கூடும். இவ்வகைகளைக் கண்ணால் பிரித்தறியக் குழாயில் முறையே மஞ்சள், நீலம், சிவப்பு வண்ணப் பட்டைகள் இடப்பெறுகின்றன.

இக்கட்டுரை, பாய்மம் கொண்டுசெல்வதற்கெனப் பெயரளவால் சுட்டப்படுவதைக் குழாய் என்றும், புறவிட்டமும் தடிப்பும் துல்லியமாக வரையறுக்கப்பட்டதைக் குழல் என்றும் வேறுபடுத்தி ஆள்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுட்டுமிடத்துக் குழாய் என்பது பொதுச்சொல்லாக நிற்கும்.

3. வகைப்பாட்டின் அடிப்படை

உள்ளீடற்ற பொருளை ஆக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, திண்மத்தைத் துளைத்தல். மற்றொன்று, தகட்டைச் சுருட்டுதல். முத்தைத் துளையிட்டுக் கோப்பது முதல் வழியை நினைவூட்டும். பூவரச இலையைச் சுருட்டிச் சிறார் செய்யும் ஊதல் இரண்டாம் வழிக்கு எளிய சான்று. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. முத்தில் துளையிடும்போது துளையளவு பொருள் துகளாக வெளியேறுகிறது. எஃகைத் துளைக்கும் உருட்டாலையில் பொருள் வெளியேறுவதில்லை. நடுவிலிருந்த உலோகம் புறத்தே ஒதுக்கப்பட்டுக் குழலின் சுவராகிறது. துரப்பணத்தால் குடைந்து எடுத்தால் விலையுயர்ந்த எஃகின் பெரும்பகுதி சீவலாக வீணாகும். நீளக் குழலில் துளை நேராகச் செல்லுமாறு செய்வதும் அரிது.

சுருட்டி ஆக்கும் முறையில் ஒரு மூட்டு தவிர்க்க இயலாதது. அம்மூட்டு ஏன் முதன்மையுடையது என்பதை அறியக் குழாய்ச் சுவரின்மீது செயல்படும் தகைவை அறிதல் வேண்டும். உள்ளழுத்தம் குழாயைச் சுற்றளவு வாட்டத்தில் விரிக்க முனைகிறது. மெல்லிய சுவருடைய குழாயில் இச்சுற்றுத் தகைவு, அழுத்தத்தையும் விட்டத்தையும் பெருக்கி, தடிப்பின் இரு மடங்கால் வகுத்த அளவினது. 400 மில்லிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குழாயில், சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் தகைவை அனுமதித்தால், அது தாங்கும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 8 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 80 பார் ஆகும். இரு முனையும் மூடிய குழாயில் நீளவாட்டில் செயல்படும் தகைவு இதில் பாதியே. எனவே அழுத்தம் மிகும்போது குழாய் பெரும்பாலும் நீளவாட்டில் பிளக்கிறது. நீளவாட்டில் அமைந்த மூட்டு இப்பெருந்தகைவை முழுமையாகத் தாங்கவேண்டியுள்ளது. மூட்டின் தரமே பற்றவைத்த குழாயின் தரம் என்பது இதனாலேயாம்.

4. மூட்டற்ற குழல்கள்

1885ஆம் ஆண்டளவில் செருமனியின் ரெம்சைடு நகரைச் சேர்ந்த மான்னெஸ்மான் உடன்பிறப்பாளர்கள் மூட்டற்ற குழலை உருட்டி ஆக்கும் முறையைக் கண்டறிந்தனர். ‘பில்லெட்’ எனப்படும் உருண்டை எஃகுத் தண்டு 1200 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றப்படுகிறது. பின்னர் அஃது ஒன்றுக்கொன்று சாய்வாக வைக்கப்பட்டு ஒரே திசையில் சுழலும் இரு உருளைகளுக்கு இடையே செலுத்தப்படுகிறது. உருளைகளின் சாய்வால் தண்டு சுழன்றுகொண்டே முன்னேறும். இருபுறமும் அழுத்தப்பட்டுச் சுழலும் தண்டின் மையத்தில் இழுதகைவு தோன்றி, அங்கே துளை விழ முனைகிறது. அவ்விடத்தில் எதிர்நின்று காக்கும் கூர்முனை உலோகத்தை விலக்கிச் சீரான துளையை அமைக்கிறது.

இவ்வாறு கிடைப்பது தடித்த சுவருடைய குறுகிய வெற்றுருவே. அதை நீட்டி மெலிதாக்கப் பல முறைகள் உள்ளன. உள்ளே நீண்ட ‘மாண்ட்ரல்’ தண்டைச் செருகி வரிசையான உருளைகளின் வழியே செலுத்துதல் ஒன்று. உருளைக் கூடுகளின் வழியே தள்ளிச் செலுத்துதல் மற்றொன்று. 1890களில் உருவான பில்கர் முறையில் குழல் சிறிது முன்னேறி, உருளையால் அழுத்தப்பட்டுப் பின்வாங்கி, மீண்டும் முன்னேறும். லக்சம்பர்க் நாட்டு எக்டர்நாக் நகரின் புனிதப் பயண ஊர்வலத்தில் முன்னும் பின்னுமாக அடியெடுத்து வைக்கும் வழக்கை ஒட்டி இப்பெயர் அமைந்தது. இறுதியில் குழல் மீண்டும் சூடேற்றப்பட்டு, இழுவிசையோடு விட்டம் குறைக்கும் உருளைத் தொகுதியின் வழியே சென்று, வேண்டிய அளவைப் பெறுகிறது.

துருவேறா எஃகு, உயர் கலப்பு எஃகு போன்றவற்றுக்குப் பிதுக்க முறை பயன்படுகிறது. சூடான வெற்றுரு வளைய அச்சின் வழியே பெருவிசையால் பிதுக்கப்படும். இவ்வுயர் வெப்பத்தில் எண்ணெய் எரிந்துவிடுமாதலால், உருகிய கண்ணாடியே மசகாகப் பயன்படுத்தப்படுகிறது. 1940களில் பிரான்சில் செசூர்னே வகுத்த இம்முறை, எஃகைப் பிதுக்குவதை நடைமுறைக்குரியதாக்கியது.

தமிழ்நாட்டில் மூட்டற்ற குழல் ஆக்கத்திற்குத் திருச்சிராப்பள்ளியே சிறந்த சான்று. செக்கோசுலோவாக்கிய ஒத்துழைப்புடன் 1960களில் தொடங்கப்பெற்ற உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையை உடைய ‘பெல்’ நிறுவனம், அங்கேயே மூட்டற்ற எஃகுக் குழல் ஆலையையும் கொண்டுள்ளது. தூத்துக்குடியில் 1979ஆம் ஆண்டு முதல் அலகு இயங்கத் தொடங்கிய அரசு அனல்மின் நிலையம் 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகளாக வளர்ந்தது. பின்னர், நெய்வேலி நிறுவனமும் தமிழ்நாடு மின்வாரியமும் இணைந்து 500 மெகாவாட் திறனுடைய இரு அலகுகளை இங்கே நிறுவின. இவ்வகைக் கொதிகலனின் மீவெப்பக் குழல்களில் நீராவி 540 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் வளிமண்டல அழுத்தத்தைப் போல 130 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் ஓடுகிறது. அந்நிலையில் வெற்றுக் கரி எஃகு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீண்டு, உப்பி, வெடிக்கும். ஆதலின் 2.25 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் கலந்த எஃகு, 9 விழுக்காடு குரோமிய எஃகு போன்றவை பயன்படுகின்றன. ஒரு குழல் கசிந்தாலும் அலகு முழுவதையும் நிறுத்தியாக வேண்டும் என்பதால் இங்குக் குழலின் தரம் மின்வழங்கலின் தரமாகிறது.

மூட்டின்மை குறையின்மை ஆகாது என்பதும் அறியத்தக்கது. துளையிடும் கூர்முனை மையத்திலிருந்து சற்று விலகினும், குழலின் ஒருபுறச் சுவர் தடித்தும் மறுபுறச் சுவர் மெலிந்தும் அமையும். தடிப்புச் சீர்மையில், தகட்டிலிருந்து ஆக்கும் குழாய் பெரும்பாலும் மூட்டற்ற குழலை விஞ்சும்.

5. மின்தடைப் பற்றவைப்புக் குழாய்கள்

தகட்டுப் பட்டையைச் சூடேற்றி வளைத்து, விளிம்புகளை ஒட்டி அழுத்திக் குழாயாக்கும் முறைக்கு 1825ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொர்னேலியசு வைட்கவுசு காப்புரிமை பெற்றார். எரிவாயு விளக்குகள் பரவிய காலத்தின் தேவையை அது நிறைவுசெய்தது. அதன் வழிவந்த இன்றைய வடிவமே தொழிலாளர் ‘ஈ.ஆர்.டபிள்யூ.’ எனச் சுட்டும் மின்தடைப் பற்றவைப்பு முறை.

இம்முறையில் எஃகுச் சுருள் வேண்டிய அகலத்தில் பட்டையாக நறுக்கப்படுகிறது. பட்டை குளிர்நிலையிலேயே வரிசையான உருளைகளின் வழியே சென்று படிப்படியாக வளைந்து, மேற்புறம் இடைவெளியுள்ள வட்டமாகிறது. அவ்விரு விளிம்புகளிலும் பல நூறு கிலோ எர்ட்சு அளவிலான உயர் அதிர்வெண் மின்னோட்டம் செலுத்தப்படும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பில் மட்டும் பாயும் இயல்பினது. எதிரெதிர்த் திசையில் பாயும் இரு மின்னோட்டங்கள் அருகருகே நெருங்கும் இயல்பும் உடையன. இவ்விரு இயல்புகளாலும் வெப்பம் விளிம்புகளில் மட்டும் குவிகிறது. அழுத்த உருளைகள் விளிம்புகளை நெருக்க, உருகிய உலோகமும் ஆக்சைடும் பிதுங்கி வெளியேறி, தூய உலோகங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. பிதுங்கிய மேடு சீவி அகற்றப்படுகிறது. நிரப்புக் கம்பி எதுவும் இங்கே பயன்படுத்தப்படுவதில்லை.

விரைந்து சூடேறி விரைந்து குளிர்வதால் மூட்டுப்பகுதியின் நுண்கட்டமைப்பு ஏனைய பகுதியினின்றும் வேறுபடுகிறது. தரம்மிகு குழாய்களில் மூட்டை மட்டும் மீண்டும் சூடேற்றிச் சீராக்குவர். இச்சூடேற்றம் தவிர்க்கப்படின் நேரும் விளைவு பின்னர்க் காட்டப்படும். வீட்டுக் குடிநீர்க் குழாய், தீயணைப்புக் குழாய், கட்டுமானச் சட்டம் எனப் பெருவழக்கில் உள்ளவை இவ்வகையினவே. குடிநீர்க்கெனில் அவற்றை ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்து எடுப்பர். அதுவே மக்கள் வழங்கும் ‘ஜி.ஐ. பைப்’ ஆகும்.

6. மூழ்கு மின்வில் பற்றவைப்புக் குழாய்கள்

விட்டமும் தடிப்பும் மிகும்போது மின்தடை முறை போதுவதில்லை. அப்போது தடித்த தகட்டை வளைத்து, நிரப்புக் கம்பியை உருக்கிப் பற்றவைக்கின்றனர். மின்வில், மணல்போன்ற காப்புத்தூளுக்கு அடியில் மூழ்கி எரிவதால் காற்றிலுள்ள ஆக்சிசனும் நைதரசனும் உருகிய உலோகத்தை அணுகுவதில்லை. உட்புறம் ஒருமுறையும் வெளிப்புறம் ஒருமுறையும் பற்றவைப்பதால் மூட்டு சுவரின் முழுத்தடிப்பிலும் ஊடுருவுகிறது.

தகட்டை வளைக்க இரு வழிகள் உண்டு. முதலாவதில் தகடு அழுத்தியால் அரைவட்டமாகவும், பின் முழுவட்டமாகவும் வளைக்கப்பட்டு நீளவாட்டில் பற்றவைக்கப்படுகிறது. அதன்பின் உள்ளிருந்து விரிவிப்பான் குழாயை ஏறத்தாழ 1 விழுக்காடு அளவுக்கு விரித்து வட்டத்தைச் சீராக்கும். உயர் அழுத்த எரிவாயுத் தடங்களுக்கு இவ்வகை சிறந்தது.

இரண்டாவது, சுருள்வாட்டில் சுற்றுதல். பனையோலையைச் சாய்வாகச் சுற்றிச் சிறார் செய்யும் ஓலை ஊதல்போல, நீண்ட பட்டை சாய்கோணத்தில் சுற்றப்பட்டு விளிம்புகள் பற்றவைக்கப்படுகின்றன. இங்குப் பட்டையின் அகலம், குழாயின் சுற்றளவையும் மூட்டு அச்சோடு அமைக்கும் கோணத்தின் கோசைனையும் பெருக்கி வரும் அளவாகும். எனவே 1500 மில்லிமீட்டர் அகலமுடைய ஒரே பட்டையை 60 பாகைக் கோணத்தில் சுற்றினால் ஏறத்தாழ 955 மில்லிமீட்டர் விட்டமும், 50 பாகையில் சுற்றினால் ஏறத்தாழ 743 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள குழாய்கள் கிடைக்கும். கோணத்தை மாற்றினால் விட்டம் மாறும் இவ்வசதி நீர்த்திட்டங்களுக்கு ஏற்றது. மூட்டு சாய்வாக அமைவதால் பெருஞ்சுற்றுத் தகைவு அதன்மேல் நேர்குத்தாகத் தாக்குவதில்லை. ஆயினும் ஒரே நீளக் குழாயில் மூட்டின் மொத்த நீளம் மிகுகிறது. ஆகவே சோதிக்கவேண்டிய நீளமும் மிகும்.

நெடுந்தொலைக் குழாய்த்தடத்திற்குத் தூத்துக்குடியிலேயே சான்று உண்டு. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் நீளமுள்ள இயற்கை எரிவாயுத் தடம் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. நாப்தாவை நம்பியிருந்த உர ஆலை எரிவாயுவுக்கு மாற இது வழிகோலியது. மண்ணுக்கடியில் செல்லும் இத்தகைய தடங்களுக்குரிய குழாய்கள் ஏ.பி.ஐ. 5எல் என்னும் தரநிலையால் வரையறுக்கப்படுகின்றன. அத்தரநிலையில் எக்சு70 வகையின் இளகுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 485 நியூட்டன். எஃகின் வலிமை மிகுந்தால் சுவரின் தடிப்பைக் குறைக்கலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில் இச்சேமிப்பு பெரிது.

7. குளிர்நிலை இழுப்பும் மைய விலக்கு வார்ப்பும்

துல்லியமான அளவும் வழவழப்பான பரப்பும் வேண்டுமிடத்து, முன்னரே ஆக்கிய குழலைக் குளிர்நிலையில் இழுப்பர். அமிலத்தால் துரு நீக்கி, பாசுபேட்டுப் படலமும் சவர்க்கார மசகும் ஏற்றி, ‘டை’ என்னும் வளைய அச்சின் வழியே குழலை இழுக்கும்போது விட்டமும் தடிப்பும் குறைந்து வலிமை கூடும். கூடவே நெகிழ்ச்சி குறையுமாதலால் இடையிடையே பதப்படுத்தல் வேண்டும். மூட்டற்ற குழலையும், பற்றவைத்த குழலையும் இவ்வாறு இழுக்கலாம். அம்பத்தூரில் 1949இல் மிதிவண்டித் தொழிலைத் தொடங்கிய முருகப்பா குழுமம், 1955இல் பிரித்தானிய ஒத்துழைப்புடன் ஆவடியில் ‘டியூப் புராடக்ட்சு ஆஃப் இந்தியா’ என்னும் குழல் ஆலையை நிறுவியது. மிதிவண்டிச் சட்டத்திற்கு வேண்டிய இலேசான வலுமிக்க குழலே அத்தொழிலின் முதல் தேவையாக இருந்தது.

அமோனியா ஆலைகளின் சீர்திருத்த உலைக்குழல்கள் 800 பாகை செல்சியசுக்கு மேல் இயங்குவன. குரோமியமும் நிக்கலும் மிகுந்த அக்கலப்பெஃகை உருட்டுதல் அரிது. எனவே சுழலும் அச்சில் உருகிய எஃகை ஊற்றி, மைய விலக்கு விசையால் சுவராகப் படியச் செய்கின்றனர். இலேசான மாசுகள் உட்பரப்பில் ஒதுங்க, அவற்றைக் கடைந்து நீக்குவர்.

இம்முறைகள் எஃகுக்கு மட்டும் உரியன அல்ல. தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் 2009ஆம் ஆண்டு முதல் இயங்கும் சிர்க்கோனிய வளாகம் உலோகக் கடற்பஞ்சை ஆக்கி அளிக்கிறது. அவ்வுலோகம் ஐதராபாத்திலுள்ள அணு எரிபொருள் வளாகத்தில் பிதுக்கம், குளிர்நிலை பில்கர் ஆகிய முறைகளால் எரிபொருள் உறைக்குழலாகிறது.

8. சோதனை

ஆக்கப்பட்ட குழாய் தக்கதா என்பதை நீரழுத்தச் சோதனை முதற்கண் காட்டும். ஐ.எஸ். 1239 குழாய்கள் 5 மெகாபாசுக்கல் நீரழுத்தத்தை ஒழுகாது தாங்கவேண்டும். காற்றுக்குப் பதில் நீரைப் பயன்படுத்துவது பாதுகாப்பு கருதியே. நீர் மிகச் சிறிதே அமுங்குவதால் குழாய் பிளந்தாலும் வெடித்துச் சிதறுவதில்லை. மூட்டிலுள்ள நுண்பிளவுகளை மீயொலியும் சுழல் மின்னோட்டமும் வெளிப்படுத்தும். மின்வில் மூட்டுகளுக்குக் கதிர்ப்படமும் எடுப்பர். குழாயிலிருந்து வெட்டிய வளையத்தைத் தட்டையாக நசுக்கி, மூட்டு பிளக்கிறதா என நோக்கும் எளிய சோதனையும் இன்றளவும் வழக்கில் உள்ளது.

9. கடற்கரைச் சூழலும் அரிமானமும்

ஆலையில் தேறிய குழாய் கடற்கரையில் தேறும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள; அவற்றுள் குளோரைடு மட்டும் 19 கிராம். இரும்பின் மேல் தோன்றும் காப்புப் படலத்தைக் குளோரைடு ஊடுருவிச் சிதைக்கிறது. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் காற்றே உப்பைச் சுமந்து வந்து குழாயின் புறத்தே படிகிறது. அவ்வுப்பு இரவின் ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகி, ஈரப்பதமற்றதாகத் தோன்றும் நாளிலும் அரிமானத்தைத் தொடர்கிறது.

ஆக்கமுறையும் அரிமானமும் சந்திக்கும் இடமாக மின்தடை மூட்டைக் கொள்ளலாம். விரைவான சூடேற்றத்தால் மூட்டில் மாங்கனீசு சல்பைடின் அமைப்பு மாறுகிறது. அதனால் மூட்டு நேர்மின் முனையாகவும், ஏனைய சுவர் எதிர்மின் முனையாகவும் செயல்படும். சிறிய பரப்புடைய மூட்டு பெரும்பரப்புடைய சுவருக்கு ஈடாகக் கரைய வேண்டியிருப்பதால், மூட்டுநெடுகிலும் ‘வி’ வடிவப் பள்ளம் விழுகிறது. குழாயின் எஞ்சிய பகுதி நன்னிலையில் இருக்கும்போதே மூட்டு ஒழுகத் தொடங்குகிறது. கந்தகம் குறைந்த எஃகைத் தேர்தலும், மூட்டை மீண்டும் சூடேற்றிச் சீராக்குதலும் இதைத் தடுக்கும் வழிகள். இவை வாங்கும்போதே கேட்டுப் பெறவேண்டியவை. நிலத்தில் பதித்தபின் சேர்க்க இயலாதவை.

துருவேறா எஃகும் இங்கே முழுப் பாதுகாப்பன்று. 304 வகை கடல்நீரில் ஊசிக்குழி அரிமானத்திற்கு ஆளாகிறது. 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மாலிப்டினம் கலந்த 316 வகை ஓரளவு தாங்கும். தேங்கிய கடல்நீரில் அதுவும் தோற்கும். குரோமியத்தின் விழுக்காட்டோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைதரசனின் 16 மடங்கையும் கூட்டிப் பெறும் எண்ணால் குழிவிழாத் திறனை ஒப்பிடுவர். 316 வகைக்கு இவ்வெண் ஏறத்தாழ 24. இருநிலை எஃகான 2205க்கு ஏறத்தாழ 35. கடல்நீர்ப் பயன்பாட்டிற்கு 40க்கு மேற்பட்ட வகைகள் நாடப்பெறுகின்றன.

கடல்வாழ் உயிரினங்களும் கருதத்தக்கன. முத்துச்சிப்பி தன் இழைகளால் கடலடிப் பாரைப் பற்றி வாழ்வது. கெட்டியான பிடிமானம் அதற்கு இன்றியமையாதது. அதே தேவையுடைய கொட்டலசும் மட்டியும் அனல்மின் நிலையத்துக்குக் குளிர்விப்பு நீர் கொணரும் வழிகளில் ஒட்டி வளர்ந்து ஓட்டத்தைக் குறைக்கவல்லன. அவை ஒட்டிய இடத்தின் அடியில் ஆக்சிசன் குறைந்து, அங்கே அரிமானம் விரைகிறது. குளோரினிடுதல் இதற்குரிய பொது மருந்து. அளவு மிகின் அது வெளியேறும் நீரோடு கடலுயிர்களைத் தாக்கும்.

இத்துறை ஆய்வுக்குத் தமிழ்நாட்டிலேயே நிறுவனம் உண்டு. அழகப்பச் செட்டியாரின் கொடையால் உருவாகி 1953இல் காரைக்குடியில் தொடங்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் கடல்சார் அரிமான ஆய்வு மையங்களைக் கொண்டுள்ளது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் வைத்து நோக்கும் இவ்வாய்வுகள், வேறுநாட்டு அட்டவணைகளை அப்படியே ஏற்காமல் இக்கடற்கரைக்கேற்ற முடிவுகளைப் பெற உதவுகின்றன.

10. தேர்வு நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுக்கலாம்.

* உயர் வெப்பமும் உயர் அழுத்தமும் இணையும் இடத்தில் மூட்டற்ற கலப்பெஃகுக் குழல் முதன்மை பெறும்.
* நெடுந்தொலை எரிவாயுத் தடத்தில் பற்றவைத்த குழாய், பாலியெத்திலீன் உறையும் மின்வேதியியல் காப்பும் சேர்த்துப் பதிக்கப்பட வேண்டும். உறை கீறப்பட்ட இடத்தைக் காப்பு மின்னோட்டம் காக்கும். உறையின்றி மின்னோட்டம் மட்டும் போதாது.
* வீட்டுக் குடிநீர்க்குத் துத்தநாகம் பூசிய குழாய் போதும். எனினும், மரைவெட்டும்போது பூச்சு நீங்கிய இடத்தில் துரு தொடங்கும் என்பதால் இணைப்புகளைக் காத்தல் வேண்டும்.
* உப்புநீர் செல்லும் இடத்தில் எஃகையே தவிர்த்து நெகிழிக் குழாயை நாடுதல் பல சமயம் அறிவுடைமை.
* கட்டுமானச் சட்டத்திற்கு மூட்டற்ற குழலைக் கேட்பது வீண்செலவு. அங்கு மின்தடைக் குழாயே போதுமானது.

விலை மிகுந்தது சிறந்தது என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தாமையை இந்நெறிகள் காட்டும். இடமும் பாய்மமும் வெப்பமும் அழுத்தமும் அறிந்து தேர்வதே முறை.

நிறைவுரை

எஃகுக் குழாய்கள் துளைத்தல், சுருட்டிப் பற்றவைத்தல், இழுத்தல், வார்த்தல் ஆகிய வழிகளில் ஆக்கப்படுகின்றன. ஒவ்வொரு வழியும் தனக்கேயுரிய வலிமையையும் தனக்கேயுரிய நலிவையும் குழாயில் பதித்துவிடுகிறது. மூட்டற்றதில் தடிப்பு வேறுபாடும், மின்தடைக் குழாயில் மூட்டுப் பள்ளமும், சுருள்வாட்டுக் குழாயில் மூட்டின் நீளமும், குளிர்நிலை இழுத்ததில் நெகிழ்ச்சிக் குறைவும் கண்காணிக்கத்தக்கன.

தூத்துக்குடி போன்ற கடற்கரையில் இந்நலிவுகள் விரைந்து வெளிப்படும். அங்குத் தொழிற்பயிற்சி பெறும் மாணவரும் ஆலையில் பணிபுரிவோரும் பெரும்பாலும் தமிழிலேயே சிந்திப்பவர்கள். அவர்களுக்கான பாடநூல்களில் அனைத்தையும் ‘குழாய்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது, வேறுபாடு உள்ள இடத்தில் வேறுபாட்டை மறைப்பதாகும். குழாய், குழல் என்னும் இரு சொற்களையும் வரையறுத்து ஆளுதல், மூட்டின் வகையையும் பெயரோடு சேர்த்துக் கூறுதல் ஆகிய இரண்டையேனும் தமிழ்ப் பாடநூலாக்கம் மேற்கொள்ளுதல் நலம். பட்டறையில் வழங்கும் பில்லெட், மாண்ட்ரல், டை போன்ற சொற்களை விலக்காது, அவற்றின் பொருளை விளக்கி உடன்வைத்தலும் வேண்டும். கலைச்சொல் துல்லியமாக அமையுமிடத்து வாங்கப்படும் குழாயும் சரியாக அமையும். அது தாங்கிநிற்கும் அழுத்தத்தின் அருகே வேலைசெய்வோரின் உயிர்க்கும் அதுவே காப்பாகும்.